உறைந்த ஆறும் உறையா நினைவும்

பெரும்பொழுதை ஆறாகப் பகுத்த தமிழ் மரபு அவற்றுள் இரண்டைப் பனிக்கு அளித்தது. மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இம்மரபில் பனி என்பது புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. பிரிந்தாரை வருத்தும் குளிர். ஆறு கல்லென இறுகுவதும், நின்ற மரம் குளிரால் பிளப்பதும் தமிழ்நிலம் கண்டறியாதவை. எனினும் வடபுலத்துக் கடுங்குளிரைச் சுட்டவும் பனி என்னும் அதே சொல்லையே தமிழர் ஆள்கின்றனர். சொல் ஒன்று, அது உணர்த்தும் துன்பம் வேறு.

அவ்வேறுபாட்டை உணர விழைவோர்க்கு இலண்டன் மாநகரில் தேம்சு ஆறு உறைந்த வரலாறு தக்கதொரு சான்றாகும். அவ்வரலாறு குளிரைப் பற்றியது மட்டுமன்று. ஒரு கொடுங்குளிர் கடந்துபோன பின்னர் அதில் எது நினைவில் நிற்கிறது, எது மறைகிறது என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. சொல்லையே கருவியாகக் கொண்ட கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க வினா அது.

ஆறு உறைந்தமைக்குக் காரணங்கள்

ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் குளிர் மிகுந்திருந்த காலத்தை அறிஞர்கள் 'சிறு பனியூழி' என்று குறிப்பர். 1645 முதல் 1715 வரை கதிரவனின் மேற்பரப்பில் கரும்புள்ளிகள் மிக அருகியே காணப்பட்டன. எரிமலைகள் கக்கிய துகள்களும் வானை மறைத்தன. இவற்றுள் எதன் பங்கு மிகுதி என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

குளிர் மட்டுமே தேம்சை உறையச் செய்துவிடவில்லை. 1209இல் கட்டி முடிக்கப்பெற்ற பழைய இலண்டன் பாலத்துக்கும் அதில் பங்குண்டு. நெருங்கிய வளைவுகளும் அகன்ற தூண்காப்புகளும் கொண்ட அப்பாலம் ஆற்றுக்குக் குறுக்கே பாதி அணைபோல் நின்றது. அதனால் மேற்புறத்து நீர் விரைவிழந்தது; மிதந்து வந்த பனிக்கட்டிகள் தூண்களில் சிக்கி ஒன்றோடொன்று பிணைந்தன. 1831இல் புதிய பாலம் திறக்கப்பட்டுப் பழையது இடிக்கப்பட்டது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கரைகள் கட்டப்பெற்று ஆறு ஒடுங்கி விரைந்தோடத் தொடங்கியது. 1962-63ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் மேற்புறத்தே ஆக்சுபோர்டு போன்ற இடங்களில் தேம்சு உறைந்தது. இலண்டனின் நடுவே உறையவில்லை.

பனிமேல் எழுந்த சந்தை

உறைந்த ஆற்றின்மேல் கூடிய களியாட்டத்தைப் 'பனிச்சந்தை' என்று ஆங்கிலேயர் அழைத்தனர். 1608ஆம் ஆண்டுக் குளிரையொட்டி அப்பெயர் வழங்கத் தொடங்கியது. அதன்பின் பலமுறை சந்தை கூடிற்று. அவற்றுள் தலையாயது 1683-84ஆம் ஆண்டுக் குளிரில் கூடியது. ஆறு ஏறத்தாழ இரு திங்கள் உறைந்து கிடந்தது. நடு இங்கிலாந்தின் வெப்பநிலையை 1659 முதல் தொகுத்துள்ள அட்டவணையில் அக்குளிர்காலமே மிகக் கொடியது. மூன்று திங்களின் சராசரி சுழியத்துக்குக் கீழே 1.2 பாகை செல்சியசு.

பனிமேல் கடைத்தெருக்கள் அமைந்தன. கோச்சு வண்டிகள் கரையோரச் சாலையில் ஓடுவதுபோல் ஆற்றின்மேல் ஓடின. முழு மாடு நெருப்பில் வாட்டப்பட்டது. பொம்மலாட்டமும், காளையின்மேல் நாய்களை ஏவும் கொடுவிளையாட்டும் நடைபெற்றன. எல்லாவற்றினும் வியப்புக்குரியது அச்சுப்பொறி. பனிமேல் அச்சுப்பொறியை நிறுவிய அச்சகத்தார், வருவோர் பெயரை அழகிய கரையிட்ட தாளில் நாளும் இடமும் குறித்து அச்சிட்டுக் கொடுத்தனர். பெயருடன் சில அடிச் செய்யுளும் சேர்ந்திருக்கும். 1684 சனவரி 31 என்னும் நாளிட்ட தாள் ஒன்றில் இரண்டாம் சார்லசு மன்னர், அரசியார், இளவரசர் குடும்பத்தார் ஆகியோரின் பெயர்கள் உள்ளன.

ஒரு பெயருக்கு 6 பென்சு கட்டணம். ஓர் அச்சகத்தார் இவ்வகையில் நாளொன்றுக்கு 5 பவுன் ஈட்டியதாக மதிப்பிடப்பட்டது. ஒரு பவுனுக்கு 240 பென்சு என்னும் அக்காலக் கணக்கில், நாள்தோறும் 200 பேர் தம் பெயரைப் பனிமேல் அச்சிட்டுப் பெற்றுச் சென்றனர் என்றாகிறது. உருகப்போகும் தரையில் நின்று அழியாப் பெயரை விரும்பிய மாந்தரின் வேட்கையை இவ்வெண் நன்கு காட்டுகிறது.

இலண்டனின் இறுதிப் பனிச்சந்தை 1814 பிப்ரவரித் தொடக்கத்தில் சில நாள்களே நீடித்தது. பிளாக்பிரையர்சு பாலத்தருகே யானை ஒன்று ஆற்றின்மேல் நடத்திச் செல்லப்பட்டதாகக் கூறுவர். அச்சந்தையில் வாங்கிய இஞ்சிப் பணியாரத் துண்டு ஒன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டுள்ளது.

நாட்குறிப்பின் மறுபாதி

மேற்கூறிய 1684ஆம் ஆண்டுச் செய்திகளுள் பல சான் ஈவ்லின் என்பாரின் நாட்குறிப்பால் அறியப்படுபவை. 1818இல்தான் அது முதன்முதலில் அச்சேறிற்று. அவர் சனவரி 24ஆம் நாள் எழுதிய பகுதி சந்தையைப் பேசுவோரால் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படுகிறது. ஆயின் அப்பகுதி சந்தையோடு முடிவதில்லை.

மின்னல் தாக்கினாற்போல் மரங்கள் பிளந்தமையையும், மனிதரும் கால்நடைகளும் பல இடங்களில் மடிந்தமையையும் ஈவ்லின் தொடர்ந்து குறிக்கிறார். கடல்கூடக் கப்பல் இயங்க இயலாதவாறு பனியால் அடைபட்டது. விறகும் நிலக்கரியும் விலையேறின. ஏழைகளை உயிரோடு வைத்திருக்கப் பொருள் திரட்ட நேர்ந்தது. குளிர்ந்த காற்றில் மேலெழ இயலாத நிலக்கரிப் புகை தெருவை மூடி, மூச்சுவிடவும் இடர்செய்தது. இலண்டன் புகையின் தீமை குறித்து 1661இலேயே தனிநூல் எழுதியவராதலின் அதனை அவர் கூர்ந்து நோக்கினார்.

படகோட்டிகளின் நிலையும் எண்ணத்தக்கது. அக்காலத்து இலண்டனில் ஆற்றைக் கடக்க ஒரே பாலம். ஏனைய போக்குவரத்து அனைத்தும் படகால் நடந்தது. ஆறு உறைந்த அன்றே படகோட்டிகளின் பிழைப்பும் உறைந்தது. அவர்களுள் சிலர் கரையோரத்தில் பலகையிட்டு, பனிமேல் இறங்குவோரிடம் சிறு கட்டணம் பெற்றனர். சிலர் படகுக்குச் சக்கரம் பூட்டினர். ஓவியங்களில் வேடிக்கையாகத் தோன்றும் அச்சக்கரப் படகு, உண்மையில் வேலையிழந்தவன் வயிற்றுக்காகக் கண்ட வழி.

ஒரே நாள், ஒரே ஏடு, ஒரே கை. அவற்றுள் பாதி பாடப்பட்டது, மறுபாதி மறக்கப்பட்டது. 6 பென்சு கொடுக்க இயன்றவர் பெயர் தாளில் நின்றது. இயலாதவர் பெயர் நிற்கவில்லை.

அயர்லாந்தின் பேரழிவு ஆண்டு

இவ்வேற்றுமை மேலும் கூர்மையாய் வெளிப்படுவது 1739-40ஆம் ஆண்டுக் குளிரில். இலண்டனில் அப்போதும் சந்தை கூடிற்று; அச்சுப்பொறிகளும் இயங்கின. அதே குளிர் அயர்லாந்தில் வேறு உருக்கொண்டது.

1739 திசம்பர் இறுதியில் தொடங்கிய உறைபனி அங்கே ஏறத்தாழ ஏழு வாரம் நீடித்தது. ஆறுகள் உறைந்தன, நீராலைகள் நின்றன. நிலக்கரிக் கப்பல்கள் வாராமையால் டப்ளினில் எரிபொருள் அரிதாயிற்று. இவை தாங்கக்கூடியவை. தாங்கவியலாதது மண்ணுக்குள் நிகழ்ந்தது. ஏழை மக்களின் குளிர்கால உணவாகிய உருளைக்கிழங்கு பெரும்பாலும் நிலத்திலேயே சேமிக்கப்பட்டிருந்தது. உறைபனி மண்ணில் ஆழ இறங்கி அதனை அழித்தது. உண்ணவும் கிழங்கில்லை, விதைக்கவும் கிழங்கில்லை. தொடர்ந்த வேனிலில் மழை பொய்த்தது, ஆடுமாடுகள் மடிந்தன. 1741இல் பசியோடு காய்ச்சலும் குருதிக்கழிச்சலும் சேர்ந்தன.

ஏறத்தாழ 24 இலட்சம் மக்களுள் 3,10,000 முதல் 4,80,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் மதிப்பீடு. குறைந்த மதிப்பைக் கொண்டாலும் எண்மரில் ஒருவர். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தை உலகம் அறியும்; அதற்கு நூறாண்டு முந்திய இவ்வழிவை அறிந்தோர் சிலரே. எனினும் ஐரிசு மொழி அதனை மறக்கவில்லை. 1741ஆம் ஆண்டை அம்மொழியினர் 'பிலியன் அன் ஆர்', அதாவது 'பேரழிவு ஆண்டு' என்று வழங்கினர். இலண்டன் சந்தையில் பெயர்கள் விலைக்கு அச்சிடப்பட்டன. இங்கோ பெயரிழந்த இலட்சக்கணக்கானோர்க்கு ஓர் ஆண்டே பெயராயிற்று.

கல் கூறும் சான்று

அயர்லாந்தில் அவ்வாண்டுகளின் நினைவாகக் கல்லும் உண்டு. செல்பிரிட்சு ஊருக்கருகே கேத்தரின் கனோலி என்னும் செல்வப் பெருமாட்டி, பசித்தோர்க்கு வேலை தரும்பொருட்டு 1740இல் வளைவுகள்மேல் உயர்ந்த கோபுரமொன்றை எழுப்புவித்தார். டப்ளினுக்குத் தெற்கே கில்லினி குன்றின்மேல் 1742இல் மற்றொரு தூண் எழுந்தது. முந்தைய ஆண்டு ஏழைகளுக்குக் கடினமாய் இருந்தமையால் இது கட்டப்பட்டது என அதன் கல்வெட்டுக் கூறி, கட்டுவித்த செல்வரின் பெயரையும் தருகிறது. கல் சுமந்தோர் பெயர் அதில் இல்லை. கூலி பெற்றுப் பிழைத்த குடும்பங்கள் உண்டாதலின் அவ்வறத்தைக் குறைகூறல் தகாது. ஆயினும் கொடுத்தவர் பெயர் கல்லில் ஏறுவதும், பசித்தவர் 'ஏழைகள்' என்னும் ஒரே சொல்லில் அடங்குவதும் நோக்கத்தக்கன.

நிறைவாக

குளிர்காலங்களை அளக்க இன்று அட்டவணைகள் உள்ளன. 1709 சனவரியில் ஐரோப்பா முழுவதையும் தாக்கிய குளிரை, அப்மின்சுடர் ஊரின் பாதிரியார் வில்லியம் தெர்காம் தம் வெப்பமானியில் குறித்துவைத்தார்; இன்றைய கணக்கில் அது சுழியத்துக்குக் கீழே 12 பாகை. இத்தகைய குறிப்புகளை அரிதின் திரட்டிக் கார்டன் மேன்லி என்னும் அறிஞர் 1974இல் முந்நூறாண்டு வெப்பநிலைத் தொகுப்பை வெளியிட்டார். எத்துணைக் குளிர் என்னும் வினாவுக்கு அவை விடைதரும். எவர்க்கு எத்துணைக் குளிர் என்னும் வினாவுக்கு விடைதருதல் வெப்பமானியால் இயலாது.

அதற்குச் சொல் வேண்டும். சந்தைத் தாளில் விலைக்கு எழுதப்பட்ட செய்யுளும் சொல்தான். பெயரற்ற மக்கள் ஓர் ஆண்டுக்கு இட்ட பெயரும் சொல்தான். முன்னது வாங்கியவரின் மகிழ்வைக் காத்தது. பின்னது இறந்தவரின் இழப்பைக் காத்தது. இரண்டனையும் ஒருங்கே காண்பது அரிது, இயலாததன்று. வர்சீனியா வுல்ப் 1928இல் வெளியிட்ட 'ஆர்லாண்டோ' புதினத்தில் 1608ஆம் ஆண்டுக் குளிரைப் புனையும்போது அரசவையின் பனிவிழாவையும் நாட்டுப்புறத்தாரின் சாவையும் அடுத்தடுத்து வைத்தார். ஈவ்லினும் தம் நாட்குறிப்பில் அதையே செய்தார். விழாவைக் கண்ட கண்ணை அவர் அத்துடன் மூடிக்கொள்ளவில்லை. எழுதுவோர்க்கு அப்பழங்குளிர் விட்டுச்சென்ற பாடம் அதுவே.