மேக்ஸ்வெல்லின் 20 சமன்பாடுகள் 4 ஆனது எப்படி? 'மறைச்சுட்டாங்க' என்பது உண்மையா?

கல்லூரி இயற்பியல் புத்தகத்தில் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் என்று நான்குதான் இருக்கும். ஆனால் ஸ்காட்லாந்து விஞ்ஞானி ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1865-ல் வெளியிட்ட கட்டுரையில் இருந்தது 20. அப்போ மீதி எங்கே போச்சு?

"மூலச் சமன்பாடுகளை மறைச்சுட்டாங்க, அதுல இலவச மின்சாரத்துக்கே வழி இருக்கு, மின்காந்தவியலையே திருத்தி எழுதணும்" என்ற பேச்சு இணையத்தில் சுற்றுகிறது. இதை நம்பி 'எரிபொருள் இல்லா ஜெனரேட்டர்' வாங்கக் காசு கொடுக்கும் முன், நடந்தது என்னவென்று பார்த்துவிடலாம்.

அந்த 20-ல் 18, ஆறே ஆறு விதிகள்தான். ஒவ்வொன்றையும் மூன்று திசைகளுக்கும் தனித்தனியாக எழுதினார் மேக்ஸ்வெல். ஆறு மூணு பதினெட்டு. மீதி இரண்டு, மின்னூட்டம் பற்றியவை.

சுருக்கியது யார்?

லண்டன்காரர் ஆலிவர் ஹெவிசைடு. 16 வயதில் படிப்பை விட்டவர், தந்தி ஆபரேட்டராக இருந்தவர், காதும் சரியாகக் கேட்காது. 24 வயதில் வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து மேக்ஸ்வெல்லின் புத்தகத்தைப் படித்தார். 1880-களின் நடுவில் வெக்டர் முறையில் இன்றைய நான்கு சமன்பாடுகளை எழுதினார். ஆக, அவர் மாற்றி எழுதிய வடிவம்தான் இன்றைய பாடப்புத்தகத்தில் இருக்கிறது!

அவரை அன்றைக்கு யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. நீண்ட தூரத் தொலைபேசியில் குரல் குழறியது. கம்பியின் தன்மின்தூண்டல் கெடுதல் என்பது பிரிட்டன் தபால் துறையின் மூத்த மின்பொறியாளர் வில்லியம் பிரீஸின் நிலைப்பாடு. ஹெவிசைடு நேர் எதிராக, "அதைக் கூட்டுங்க, குரல் தெளிவாகும்" என்றார். 1887-ல் அண்ணன் ஆர்தருடன் எழுதிய கட்டுரையை பிரீஸ் தடுத்தார். ஆர்தர் வேலை பார்த்ததோ அதே தபால் துறையில்!

ஆனால் ஹெவிசைடு சொன்னதைக் கம்பியில் சோதித்துப் பார்க்க முடிந்தது. 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் கம்பி வழியில் இடைவெளி விட்டு காயில்களைப் பொருத்தினார்கள், குரல் தெளிந்தது. காப்புரிமைப் பணம் போனது மைக்கேல் பூப்பினுக்கு. ஹெவிசைடு காப்புரிமையே வாங்கவில்லை.

அப்போ எதுவுமே விட்டுப்போகலையா?

ஒன்று உண்டு. 'வெக்டர் பொட்டென்ஷியல்' என்ற அளவை வெறும் கணிதச் சுமை என்று ஹெவிசைடு ஒதுக்கினார். குவாண்டம் இயற்பியலில் அது திரும்ப வந்தது. காந்தப்புலமே இல்லாத இடத்திலும் எலக்ட்ரானை அது பாதிக்கும் என்று 1959-ல் அஹரனோவ், போம் இருவரும் கணித்தார்கள். 1986-ல் ஜப்பானில் டோனோமுரா குழு தெளிவாகச் சோதித்துக் காட்டியது.

இலவச மின்சாரம்? 20 ஆக எழுதினாலும் 4 ஆக எழுதினாலும் ஆற்றல் அழியா விதி அப்படியேதான் இருக்கிறது. 'மறைக்கப்பட்ட' அந்த 1865 கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அச்சானது. இன்றைக்கும் ஆன்லைனில் படிக்கலாம்.