ஸ்கூபி டூ: குழந்தைகளுக்கான பேய்க் கார்ட்டூன் உருவான வரலாறு

'ஸ்கூபி டூ, வேர் ஆர் யூ!' என்பது ஹன்னா-பார்பரா நிறுவனம் தயாரித்து, 1969 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய கார்ட்டூன் தொடர் ஆகும். நான்கு இளைஞர்களும் ஒரு நாயும் வேனில் ஊர் ஊராகச் சென்று, பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் இடங்களில் துப்புத் துலக்குவதே இதன் கதை. பேய்களை முதலாக வைத்து எடுக்கப்பட்ட இத்தொடர், குழந்தைகளுக்கு வன்முறையைக் காட்டாதீர்கள் என்ற கோரிக்கையிலிருந்து பிறந்தது என்பது வியப்பளிக்கலாம்.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளின் சனிக்கிழமைக் காலைகளைச் சூப்பர் ஹீரோக்களும் அடிதடிச் சாகசங்களும் நிறைத்திருந்தன. ஹன்னா-பார்பராவின் 'ஸ்பேஸ் கோஸ்ட்', 'தி ஹெர்குலாய்ட்ஸ்' ஆகியவையும் அவ்வகையே. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூனில் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டபின் திரை வன்முறை பற்றிய கவலை பெருகியது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெக்கி சாரனும் வேறு சில தாய்மார்களும் 'ஆக்சன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிசன்' என்ற அமைப்பைத் தொடங்கினர். எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனங்கள் வேறு வகைக் கதைகளைத் தேடின.

சிபிஎஸ் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஃபிரெட் சில்வர்மேன் இளைஞர் குழு ஒன்று மர்மங்களைத் துலக்கும் தொடரைக் கேட்டார். ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் இருவரும் எழுதினர். இவாவோ தகமோட்டோ பாத்திரங்களை வரைந்தார். ஆனால் படங்களைப் பார்த்த மேலதிகாரிகள், சிறுவருக்கு இது மிகவும் அச்சமூட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினர்.

பேய்களை நீக்கியிருந்தால் தொடரே இல்லை. மாறாக, அதுவரை பின்னணியில் இருந்த நாயை முன்னுக்குக் கொண்டு வந்தனர். ஃபிராங்க் சினாட்ராவின் ஒரு பாடல் முடிவில் வரும் பொருளற்ற ஒலிகளிலிருந்து சில்வர்மேன் அதற்குப் பெயர் எடுத்தார். கிரேட் டேன் உயரமும் கம்பீரமும் உள்ள இனம். தகமோட்டோ அந்த இன நாய்களை வளர்த்த சக ஊழியர் ஒருவரிடம் நல்ல நாயின் இலக்கணத்தைக் கேட்டறிந்து, வேண்டுமென்றே அதற்கு நேர்மாறாக வளைந்த கால்களும் சரிந்த முதுகுமாக வரைந்தார்.

தொடரின் வெற்றி இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். அச்சம் குறைக்கப்படவில்லை, அதைச் சுமப்பவர் மாறினார். திரையில் இருப்பதிலேயே பெரிய உருவம்தான் எல்லோரையும்விட அதிகமாக நடுங்குகிறது. பார்க்கும் குழந்தைக்கும் பயம் உண்டு, ஆனால் ஸ்கூபி அளவுக்கு இல்லை. ஆறு வயதில் கிடைக்கும் அந்தச் சிறு மேன்மை அற்பமானதன்று. இடையிடையே ஒலிக்கும் பின்னணிச் சிரிப்பும் துணைக்கு வருகிறது (இன்று கேட்டால் அது சற்றுச் சலிப்பூட்டுகிறது என்பது வேறு).

இரண்டாவது பாதுகாப்பு, கதையின் முடிவு. முதல் அத்தியாயத்தில் வெற்றுக் கவசம் ஒன்று உயிர்பெற்று நடக்கிறது. கடைசியில் உள்ளே இருப்பவர் அருங்காட்சியகக் காப்பாளர்; அசல் ஓவியங்களைத் திருடி, போலிகளை மாட்டியவர் அவரே. மொத்தம் 25 அத்தியாயங்கள், ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதே வாய்பாடு: பேய் என்பது பேராசை கொண்ட ஒரு மனிதர், அவரைப் பிடிக்கத் தேவை தடயங்கள். அமானுடக் கூற்றுகளை முறையாக ஆராய்ந்து இயல்பான விளக்கம் தரும் நிகழ்ச்சிக்கு வானியலாளர் கார்ல் சேகன் 1990களில் இத்தொடரையே சிறுவருக்கான எடுத்துக்காட்டாகக் கூறினார்.

இந்த வாய்பாடு நிலைக்கவில்லை. 1985இல் வந்த 'தி 13 கோஸ்ட்ஸ் ஆஃப் ஸ்கூபி டூ' தொடரில் உண்மைப் பேய்கள் வந்தன. 1998இல் 'ஸ்கூபி டூ ஆன் சோம்பி ஐலண்ட்' படத்தில் ஃபிரெட் ஒரு பிணத்தின் முகமூடியைக் கழற்ற முயன்று இழுக்க, தலையே கையோடு வந்துவிடுகிறது. முந்தைய படைப்புகளைவிட இது அச்சமூட்டுவதுதான். ஆனாலும் அப்படத்தில் பிணங்கள் தீங்கு செய்பவை அல்ல, எச்சரிக்க வந்தவை. கொடியவர்கள், விருந்தினரை இனிமையாக வரவேற்ற வீட்டுக்காரர்களே.