உடைந்த கீலும் உத்தரவாதச் சீட்டும்

பொருளை விற்றுப் பணத்தைப் பெற்றுக்கொண்ட ஒருவருக்கு, அது கைமாறிய பின்னும் அதன்மீது ஏதேனும் பொறுப்பு உண்டா? இவ்வினாவுக்கு விடை காண மக்கள் சமுதாயம் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது. அவ்வரலாற்றை இன்று மிதிவண்டியை முன்னிறுத்திச் சொல்ல விழைகின்றேன். மாணவர்களாகிய உங்களுள் பெரும்பாலோர் நெருங்கிப் பழகிய இயந்திரம் அதுவே. பழுது என்றால் என்ன என்பதை நம் நாட்டுச் சிறுவர் முதன்முதலாகக் கற்றுக்கொள்வதும் அதனிடத்தில்தான்.

1603ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு விந்தையான வழக்குத் தீர்ந்தது. பொற்கொல்லர் ஒருவர் ஒரு கல்லைக் காட்டி, அது 'பெசோவார்' கல் என்று சொல்லி நூறு பவுனுக்கு விற்றார். நம் நாட்டு மருத்துவர் கோரோசனை என்பார்களே, அதனை ஒத்து விலங்கின் வயிற்றில் விளைவது அக்கல். நஞ்சை முறிக்கும் என்று அக்காலத்தவர் நம்பினர். கல் போலி என்று கண்ட வாங்கியவர் வழக்காடினார். மேல்மன்றத்தின் முடிவு யாது தெரியுமா? விற்றவர் அதனைப் பெசோவார் என்று சொன்னது மெய்யே. ஆயினும் அவ்வாறு இருக்கும் என்று உத்தரவாதம் அளித்தாரெனக் காட்டப்படவில்லை. ஆகவே வழக்கு நில்லாது! வாங்குவோன்தான் விழிப்பாயிருக்க வேண்டும் என்னும் கொள்கை அன்று அவ்வளவு வலிமையுடன் வீற்றிருந்தது.

அக்கொள்கை சிறிது சிறிதாகவே தளர்ந்தது. நம் நாட்டில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்துள் அடங்கியிருந்த விற்பனை விதிகள், 1930ஆம் ஆண்டில் சரக்கு விற்பனைச் சட்டம் என்னும் தனிச் சட்டமாயின. அச்சட்டம் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் செய்கிறது. விற்பனையின் உயிர்நாடியான உறுதிமொழிக்கு 'நிபந்தனை' என்று பெயர். அது மீறப்பட்டால் பொருளையே வேண்டாமென்று மறுக்கலாம். அதனைச் சார்ந்து நிற்கும் துணை உறுதிமொழிக்கு 'உத்தரவாதம்' என்று பெயர். அது மீறப்பட்டால் நட்டஈடுதான் கேட்கலாம். இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, அத்தொழிலே செய்யும் வணிகரின் திறமையை நம்பி வாங்கினால், அப்பொருள் அக்காரியத்துக்கு ஏற்றதாக இருத்தல் பொதுவாகச் சொல்லாமலே அமைந்த நிபந்தனை என்றும் அது வகுத்தது. பெசோவார் கல்லை வாங்கியவர் முந்நூறு ஆண்டுகள் முந்திப் பிறந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

ஆயினும், சட்டம் இருந்தால் மட்டும் உடைந்த வண்டி ஓடிவிடுமா? உடைந்த பாகத்துக்கு ஈடான பாகம் உலகில் எங்கேனும் இருந்தாக வேண்டும் அன்றோ? இதனை நம் சட்ட நூல்கள் சொல்வதில்லை. தொழிற்சாலைகளின் வரலாறுதான் சொல்லும்.

1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் உருட்டிய மர வண்டிக்கு மிதியும் இல்லை, சங்கிலியும் இல்லை. அதில் ஓர் உறுப்பு முறிந்தால் தச்சர்தான் புதிதாகச் செதுக்க வேண்டும். 1885இல் கவென்ட்ரி நகரின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவாய், பின்சக்கரம் சங்கிலியால் இயங்கும் 'ரோவர்' வண்டியை உருவாக்கினார். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். இவற்றை உங்கள் பாடநூலிலும் காணலாம். நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது மற்றொன்று.

பர்மிங்ஹாம் சிறுபடைக்கலக் கம்பெனி 1861இல் துப்பாக்கி செய்யத் தோன்றியது. போர்க்களத்தில் ஒரு துப்பாக்கியின் உறுப்பு முறிந்தால் மற்றொன்றின் உறுப்பை எடுத்துப் பொருத்த முடிய வேண்டும்; ஆகவே எல்லா உறுப்புகளையும் ஒரே அளவில் இயந்திரத்தால் கடைந்தனர். அக்கம்பெனி பின்னர் மிதிவண்டிப் பாகங்கள் செய்யப் புகுந்தபோது அதே ஒழுங்கினைக் கொண்டுவந்தது. சிறு பட்டறைக்காரர் பலர் அப்பாகங்களை வாங்கித் தம் பெயரில் வண்டி பூட்டி விற்றனர். கம்பெனியின் பெயரின் முதலெழுத்துக்களே 'பி.எஸ்.ஏ.' என்பவை. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய அதன் சின்னத்தைப் பார்த்துவிட்டு, மிதிவண்டிக்கும் துப்பாக்கிக்கும் என்ன உறவு என்று என்னை வினவிய மாணவர் பலர், உறவு இதுதான். 1902இல் ஆங்கில மிதிவண்டிப் பொறியாளர் கழகம் திருகுப் புரிகளையும் வரையறுத்தது. பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 புரி.

1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில், முருகப்பா குடும்பத்தாரும் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் கூடி டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையை நிறுவினர். வடக்கே லூதியானாவில், முன்பு பாகங்களை விற்றுவந்த முஞ்சால் சகோதரர்கள் 1956இல் ஹீரோ மிதிவண்டித் தொழிலைத் தொடங்கினர். ஆங்கிலேய மாதிரியைப் பின்பற்றிய நம் வண்டிகளில் அவ்வளவுகள் நெடுங்காலம் நிலைத்தன. அதன் பயனை எங்கள் மேலநீலிதநல்லூர் போன்ற சிற்றூர்களே நன்கு துய்த்தன. சங்கரன்கோவில் வட்டத்துக் கரிசல் மண்ணில் ஓடிய எந்த வண்டியின் கோட்டர் பின் தேய்ந்தாலும், பால்ரஸ் குண்டு உதிர்ந்தாலும், போக்ஸ் கம்பி அறுந்தாலும், வேப்பமரத்தடி சைக்கிள் கடைக்காரர் தகரப் பெட்டியைத் துழாவி மாற்றுப் பாகத்தை எடுத்துவிடுவார். எந்தக் கம்பெனி என்று கேட்கமாட்டார். உத்தரவாதச் சீட்டைப் பற்றி எங்கள் தலைமுறை கவலை கொள்ளாததன் காரணம் கம்பெனிகளின் பெருந்தன்மை அன்று, அத்தகரப் பெட்டிதான்.

மடக்கு மிதிவண்டி இவ்வமைதியைக் குலைத்தது. அது புதிய கற்பனை அன்று. 1890களிலேயே பிரெஞ்சுப் படையின் ஜெரார் என்னும் அதிகாரி மடக்கு வண்டியைப் படைக்குக் கொணர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் பி.எஸ்.ஏ. கம்பெனியே வான்குடைப் படையினருக்காக நடுவில் மடியும் வண்டிகளைச் செய்தது. 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கிய வீரர் சிலர் அவற்றை ஏந்திச் சென்றனர். 1970களில் இலண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்பார் தம் குடியிருப்பு அறையிலிருந்தே 'பிராம்டன்' வண்டியை வகுத்தார். மடியும் வண்டியின் உயிர் அதன் கீலில் உள்ளது. அக்கீலையும், அதனை இறுக்கும் பூட்டுப் பிடியையும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கெனத் தனி வடிவில் அமைத்துக்கொள்கிறது. ஒன்றன் கீல் மற்றொன்றில் பொருந்தாது. இருநூறு ஆண்டு முன்னேற்றத்துக்குப் பின், அந்த ஓர் உறுப்பளவில், நாம் மீண்டும் டிரைஸின் தச்சரிடம் போய் நிற்கிறோம்; தச்சரோ பல நூறு கல் தொலைவில் இருக்கிறார்.

எங்கள் ஊரில் நேர்ந்ததைச் சொல்கிறேன். என் பழைய மாணவர் ஒருவரின் மகன், கல்லூரியில் பயில்பவன், பேருந்தில் ஏற்றிச் செல்ல வசதி என்று ஒரு மடக்கு வண்டி வாங்கினான். ஏழாம் மாதத்தில் பூட்டுப் பிடி உடைந்து, கீலும் விரிசல் கண்டது. சைக்கிள் கடைப் பெரியவர் பார்த்துவிட்டு, "தம்பி, இது என் பெட்டியில் இல்லாத சாமான்" என்றார். பற்றவைத்துத் தரலாமே என்று சிலர் சொன்னபோது அவர் இசையவில்லை. அவர் செய்தது சரி. அலுமினியக் கலவைச் சட்டங்கள் பல, பக்குவமாகச் சூடேற்றி உறுதியூட்டப்பட்டவை. பற்றவைப்பின் வெப்பம் பட்ட இடத்தில் அவ்வுறுதி குன்றிவிடும். ஓடும்போது கீல் விட்டால் முகம் தரையில் மோதும். விற்ற கடைக்காரரோ, கம்பெனியைக் கேளுங்கள் என்று கைவிரித்தார். ஓராண்டு உத்தரவாதம் என்று சீட்டில் அச்சிட்டிருந்தது.

1986க்கு முன்னராயின், இத்தகையவர் நீதிமன்றக் கட்டணம் கட்டி முன்சீப் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு கீலுக்காக எவர் அதனைச் செய்வார்? அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் ஒப்புதல் பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மாவட்டந்தோறும் தனி மன்றம் காண வழி வகுத்தது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. குறையை நீக்கித் தருதல், புதிய பொருள் தருதல், விலையைத் திருப்புதல், நட்டஈடு தருதல் ஆகியவற்றை ஆணையிட மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. விற்ற ஊருக்குப் போக வேண்டுவதில்லை. தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து இலட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். விலைச்சீட்டுத் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்றும் சட்டம் கூறுகிறது.

அவ்விளைஞன் வாங்கிய நாள், பழுது கண்ட நாள், சட்டகத்தின் எண் ஆகியவற்றைக் குறித்து, விலைச்சீட்டின் நகலையும் விரிசலின் படத்தையும் இணைத்து, கம்பெனிக்கும் கடைக்கும் பதிவஞ்சல் அனுப்பினான். கடுஞ்சொல் ஒன்றும் எழுதவில்லை; பதினைந்து நாள் தவணை மட்டும் குறித்தான். மூலச்சீட்டை எவரிடமும் தரவில்லை. நான்காம் வாரத்தில் பூட்டுப் பிடியோடு முழுக் கீலும் வந்து சேர்ந்தது. சைக்கிள் கடைப் பெரியவரே அதனைப் பொருத்தினார். கூலி அவன் கொடுத்தான்.

உத்தரவாதக் காலம் கழிந்த பின் அக்கீல் உடைந்திருந்தால்? இவ்வினாவே இன்று அரசுகளின் முன் நிற்கிறது. பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. முதற்கண் அது நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது: உழவுக் கருவிகள், கைப்பேசி முதலியன, வீட்டுச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள். அந்நான்கனுள் மிதிவண்டியின் பெயர் இல்லை.