நுழைவு அனுமதியின் வரலாறு: ஒரு நோக்கு

பிறநாடு செல்ல விரும்பும் ஒருவர், புறப்படுமுன்னரே அந்நாட்டுத் தூதரகத்திடம் விண்ணப்பித்து விசா பெறல் வேண்டும் என்பது இன்று எவரும் வினா எழுப்பாத நியதியாகிவிட்டது. உறவினர் திருமணத்திற்கோ தலயாத்திரைக்கோ சில நாள் சென்று மீள்பவரும் பெரும்பாலும் இதற்கு விலக்கல்லர். ஆயின், இந்நியதி தொன்மையானதன்று. அது எச்சூழலில் நிலைபெற்றது, எவரை நோக்கி விரிந்தது என்பவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகையிரதப் பயணம் பெருகியமையால், எல்லைதோறும் பயணிகளின் பத்திரங்களைச் சோதித்தல் கடினமாயிற்று. மேற்கு ஐரோப்பிய நாடுகள் பல அவ்வழக்கத்தைத் தளர்த்தின அல்லது கைவிட்டன. ரஷ்யா, ஒட்டோமன் பேரரசு போன்றனவே கண்டிப்பைத் தொடர்ந்தன. 1914இல் மூண்ட முதலாம் உலகப்போர் இந்நிலையை மாற்றிற்று. ஒற்றர் நுழையாது தடுக்கவும், படைச்சேவைக்குரியோர் வெளியேறாது காக்கவும் கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாயின. போர் முடிந்தபின்னும் அவை நீங்கவில்லை. சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1920 ஒக்டோபரிற் பாரிஸில் கூடிய மாநாடு, 32 பக்கங்களைக் கொண்ட பொதுவான கடவுச்சீட்டு அமைப்பை விதந்துரைத்தது. 1926இல் ஜெனீவாவிற் கூடிய மாநாடும் இம்முறையை ஒழிக்கவில்லை. இவ்வாறு போர்க்கால ஏற்பாடு சமாதான காலத்து வழமையாயிற்று.

நம் நாட்டு வரலாறு இதனின்றுஞ் சிறிது வேறுபட்டது. உலகப்போர் தொடங்கிய அதே 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை ஆரம்பமாயிற்று. சிதம்பர தரிசனத்திற்கும் சென்னையிற் கல்வி பயிலவும் நம்மவர் விசாவின்றியே பாக்கு நீரிணையைக் கடந்தனர். எனினும், அச்சுதந்திரம் எல்லோர்க்கும் ஒரே தன்மையதாக இருந்ததெனக் கொள்ளலாகாது. தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மண்டபம் முகாமிலே தங்கவைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்கு உட்பட்ட பின்னரே கடல் கடந்தனர். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபோது, பழைய போக்குவரத்து பத்திரங்களுக்குக் கட்டுப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமோ மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. பத்திரமே பயணத்தின் திறவுகோலான வேளையில், அப்பத்திரத்தைக் கோரும் உரிமையையே அவர்கள் இழந்தனர்.

அடுத்த திருப்பம் 1985இல் நேர்ந்தது. அதுவரை, பிரித்தானியாவுக்குச் சுற்றுலாச் செல்லும் பொதுநலவாய நாட்டவர் விமான நிலையத்திலேயே விசாரிக்கப்பட்டு அனுமதிக்கப்பட்டனர். 1983 யூலை வன்செயல்களின் பின் தமிழர் புகலிடம் கோரி அங்குச் செல்லத் தொடங்கியதும், 1985 மே மாதத்தில் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. பொதுநலவாய நாடொன்றின் பிரசைகள்மீது பிரித்தானியா இவ்விதி விதித்தது இதுவே முதன்முறை. 1987ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தக்க பத்திரமற்ற பயணி ஒவ்வொருவருக்கும் 1,000 பவுண் வீதம் விமானக் கம்பனிகளிடம் அறவிட வழிசெய்தது. எல்லை இவ்வாறு கட்டுநாயக்காவுக்கே நகர்ந்து வந்தது. அதே 1985 யூனில் ஐந்து ஐரோப்பிய நாடுகள் தமக்கிடையேயான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்க ஷெங்கனில் ஒப்பந்தஞ் செய்தமை ஈண்டு நோக்கற்பாலது.

இம்மாற்றம் வெறும் நிருவாகச் செய்தியன்று. வாயிலில் நிற்பவர் நேரிற் பேசித் தம் நிலையை விளக்கலாம். தொலைவிலிருந்து விண்ணப்பிப்பவருக்காக வங்கிக் கணக்கும் தொழிற் சான்றிதழுமே பேசுகின்றன. மகளின் பேறுகாலத்திற்குச் செல்லும் தாயும், தாம் திரும்பி வருவார் என்பதைத் தாமே நிறுவவேண்டியவராகிறார். மறுக்கப்பட்டால் முறையிடும் வழியுங் குறுகியதே. குடும்பத்தாரைப் பார்க்கச் செல்வோருக்குப் பிரித்தானியாவில் இருந்த முழுமையான மேன்முறையீட்டு உரிமை 2013இல் நீக்கப்பட்டது.

தன் எல்லைக்குள் வருவோரை அறிதல் அரசொன்றின் உரிமை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், ஐயத்திற் பிறந்த விதி ஐயம் நீங்கிய பின்னும் நிலைத்தலையும், வறியோர்மீதும் அகதிகள்மீதுமே அது மிகுதியாகச் சுமத்தப்படுதலையும் வரலாறு காட்டுகின்றது. மனிதர் வகுத்த இவ்விதியை இயற்கையின் நியதியெனக் கொள்ளாது ஆராய்வது வரலாற்று மாணவரின் கடனாகும்.