கத்தி மேல் போட்ட பழி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நேற்று என் பேரன் முதல் முறையாகத் தானே சவரம் செய்துகொண்டு, கன்னம் சிவந்து எரிய வந்து நின்றான். "தாத்தா, இந்த பிளேடு சரியில்ல" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2011 மாசி மாதத்தில் இதே வார்த்தையை நானும் சொன்னவன்தான்.

அப்போது அப்பாவுக்கு 84 வயது, படுத்த படுக்கை. வாரம் இரண்டு முறை நான்தான் சவரம் செய்துவிடுவேன். எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். மழை நின்று, காற்று வறண்டு, கிணறும் வற்றி, போர் தண்ணீர்தான் கதி. குளிக்கும் சோப்பையே தேய்த்து மழிப்பேன். தோல் சிவக்கும், தாடைக்குக் கீழே ரத்தம் கசியும். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொள்வார். நான் பிளேடை மாற்றினேன், ரேசரையே மாற்றினேன். ஒன்றும் மாறவில்லை.

சவரத்தின் வரலாற்றைப் புரட்டினால் அதுவும் பெரும்பாலும் கத்தியின் வரலாறுதான். பாரிஸில் கத்தி செய்யும் தொழிலாளியான ஜான் ஜாக் பெரே, தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளும் கலை பற்றி 1769-இல் ஒரு நூலே எழுதினார். அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் 1903-இல் விற்றது வெறும் 51 ரேசர்கள். மறு ஆண்டு காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு அவர் நிறுவனம் கொடுத்த ரேசர்கள் மட்டும் 35 லட்சம். எல்லோர் கண்ணும் கூர்மை மேலேயே இருந்தது. கத்திக்கு அடியில் இருந்த தோலை ஆராய அறிவியல் தாமதமாகத்தான் வந்தது.

முதலில் சோப்பின் கதை. கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்று விளக்கியவர் பிரான்ஸின் செவ்ரெல். அவருடைய நூல் வந்தது 1823-இல். சோடா காரம் சேர்த்தால் கெட்டி சோப்பு, பொட்டாஷ் காரம் சேர்த்தால் மென்மையான சோப்பு. சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் அதிகம், பொட்டாஷும் சேரும். அதனால்தான் அதன் நுரை குழைவாக, நெடுநேரம் உடையாமல், ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். குளியல் சோப்பின் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். பிறகு கத்தி ஓடுவது வெறும் தோலில்தான்.

அடுத்து தோல். 1928-இல் ஷாடே, மார்கியோனினி என்ற இரு ஜெர்மானியர்கள் தோலின் மேல் மெல்லிய அமிலக் கவசம் இருப்பதை எழுதினார்கள். தோலின் பிஎச் அளவு ஏறக்குறைய 5, சாதாரண சோப்புக்கு 9 அல்லது 10. ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் தேறிக்கொள்ளும். முதுமையில் அது மெதுவாகத்தான் நடக்கும்.

மூன்றாவது செய்திதான் என்னைச் சுட்டது. 1952-இல் அமெரிக்காவில் இர்வின் பிளாங்க், காய்ந்து விறைத்த தோல் துண்டுகளை எண்ணெயில் ஊறப்போட்டுப் பார்த்தார். விறைப்பு போகவில்லை. தண்ணீர் பட்டதும் இளகியது. தோலை மென்மையாக வைத்திருப்பது நீர். காற்றில் ஈரம் குறைந்தால் மேல்தோலிலும் நீர் குறையும். எண்ணெயின் வேலை அந்த நீருக்கு மூடி போடுவது.

இப்போது அப்பாவின் கன்னத்தை நினைத்துப் பாருங்கள். வறண்ட காற்று, முதிர்ந்த தோல், காரமான சோப்பு. போதாக்குறைக்குப் போர் தண்ணீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து தோலில் படியும் வெள்ளைக் கசடு. கடின நீரைப் பற்றி 34 வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்ட வேதியியல் வாத்தியார் நான்! வீட்டுக் கட்டிலில் அதே பாடம் கிடந்தது எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். தெருமுனை சலூன்காரரைக் கூப்பிட்டோம். அப்பாவின் முகத்தில் வெந்நீர்த் துண்டை ஐந்து நிமிடம் போட்டார். சேவிங் கிரீமைப் பிரஷால் குழைத்துப் பூசினார். முடி போன வாக்கில், ஒரே ஒரு முறை மழித்தார். கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் கழுவி, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு தடவினார். "சார், காத்து காஞ்சு கிடக்கு. ஐயாவுக்குக் குளிக்கிற சோப்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். செவ்ரெலையும் பிளாங்கையும் அவர் படித்ததில்லை. கை படித்திருந்தது.

அன்று அப்பா கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு எரியலப்பா" என்றார்.

அப்படியென்றால் அத்தனை நாளும் எரிந்திருக்கிறது. மகன் மனம் நோகக் கூடாதென்று சொல்லாமல் இருந்திருக்கிறார். அதன்பின் இரண்டு மாதம்தான் இருந்தார். அந்த இரண்டு மாதமும் சலூன்காரர் காட்டியபடியே செய்தேன்.

நேற்று பேரனிடம் அதே பிளேடைக் கொடுத்து, வெந்நீர்த் துண்டிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு நாள் கழித்துச் செய்யலாம் என்றேன். தோல் ஆற வேண்டுமல்லவா?

உங்கள் வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு நீங்கள் சவரம் செய்துவிடுபவரானால், ஒரு வார்த்தை கேளுங்கள்: "எரியுதா?" அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.