முடக்கு வாதத்தில் இரத்தச்சோகை

முடக்கு வாதத்தில் இரத்தச்சோகை என்பது, மூட்டுகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயான முடக்கு வாதம் உடையோரின் குருதியில் ஈமோகுளோபின் அளவு குறைந்து காணப்படும் நிலையாகும். மூட்டுகளுக்கு வெளியே இந்நோய் ஏற்படுத்தும் பரவலான விளைவுகளுள் இதுவும் ஒன்று. உலக சுகாதார அமைப்பின் வரையறைப்படி, ஒரு டெசிலிட்டர் குருதியில் ஈமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தச்சோகை எனப்படும்.

காரணங்கள்

முதன்மைக் காரணம் நாட்பட்ட அழற்சியாகும். அழற்சியின்போது மிகும் இன்டர்லியூக்கின்-6, கல்லீரலைத் தூண்டி எப்சிடின் என்னும் இயக்குநீரைச் சுரக்கச் செய்கிறது. எப்சிடின், குடலில் இரும்பு உறிஞ்சப்படுவதையும் சேமிப்பிலுள்ள இரும்பு வெளிவருவதையும் தடுக்கிறது. எனவே உடலில் இரும்பு இருந்தும் எலும்பு மச்சைக்குப் போதிய அளவு கிடைப்பதில்லை.

பிற காரணங்கள் வருமாறு:

* வலிநீக்கி மருந்துகளால் உண்டாகும் இரைப்பைப் புண்ணும் குருதிக்கசிவும்
* உணவில் இரும்புக் குறைபாடு, மிகுதியான மாதவிடாய்
* மெத்தோட்ரெக்சேட் மருந்தால் ஏற்படும் போலிக் அமிலக் குறைபாடு
* உயிர்ச்சத்து பி12 குறைபாடு

கண்டறிதல்

இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின் அழற்சியால் தானே உயரும். ஆகையால் அதன் அளவு இயல்பாக இருப்பது கொண்டு இரும்புக் குறைபாடு இல்லை எனக் கூற இயலாது. நலமுள்ள பெரியோருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் எனும் எல்லையை, அழற்சி உள்ளோருக்கு 70 ஆக உலக சுகாதார அமைப்பு 2020 இல் பரிந்துரைத்தது. டிரான்ஸ்பெரின் நிறைவு விழுக்காடு, சிவப்பணுக்களின் பருமன், சி-எதிர்வினைப் புரதம் ஆகியவையும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. இரத்தச்சோகை சிவப்பணு படிதல் வீதத்தையும் உயர்த்துவதால், அச்சோதனை மட்டும் மூட்டழற்சியின் கடுமையை மிகைப்படுத்திக் காட்டக்கூடும்.

சிகிச்சை

அழற்சியைக் கட்டுப்படுத்துவதே அடிப்படைச் சிகிச்சை. மெத்தோட்ரெக்சேட் உட்கொள்வோருக்குப் போலிக் அமிலமும் தரப்படுகிறது. இரும்புக் குறைபாடு உறுதியானால் இரும்பு மாத்திரையோ, அது பயனளிக்காதபோது சிரைவழி இரும்போ அளிக்கப்படும். குருதிக்கசிவின் இடமும் தேடப்படும். இன்டர்லியூக்கின்-6 இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் ஈமோகுளோபினையும் உயர்த்துகிறது.

தமிழ்நாட்டில்

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவைப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையோர். ஆதலால் முடக்கு வாதம் உள்ள பெண்ணுக்கு இருவகைச் சோகையும் ஒருங்கே இருக்க வாய்ப்புண்டு. ஆரம்பாக்கம் முதலிய பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் வலை இழுத்தல், கையால் இறால் பிடித்தல் போன்றவற்றால் வரும் கைவலியோடு இந்நோய் குழம்பக்கூடும். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பும், இரு கைகளிலும் ஒத்த மூட்டுகளின் வீக்கமும் முடக்கு வாதத்தைச் சுட்டும். மீனிலுள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படும். உணவோடு அருந்தும் தேநீர் உறிஞ்சலைக் குறைக்கும். இரும்பு மாத்திரையை முறையாக உட்கொண்டும் ஈமோகுளோபின் உயராவிடில், அழற்சியையும் குருதிக்கசிவையும் ஆராய்தல் இன்றியமையாதது.