சில்லிட்ட உடம்பில் உயிர்



உடம்பு சில்லிட்டுவிட்டால் உயிர் போய்விட்டது என்றுதான் நாம் சொல்வோம். மருத்துவர்களும் நெடுங்காலம் ஏமாந்த இடம் இது. கடுங்குளிரில் விறைத்தவருக்கு மூச்சும் நாடியும் பிடிபடாது. கண்மணி விரிந்தே நிற்கும். பார்வைக்குப் பிணம்தான்.

1999 மே 20. நார்வேயில் நார்விக் நகருக்கு அருகே மருத்துவர்கள் மூவர் பனிச்சறுக்கு போனார்கள். அவர்களில் ஒருவர் சுவீடன் நாட்டுப் பெண் அன்னா போகென்ஹோம், வயது 29. சறுக்கி விழுந்தவர், ஓடையை மூடியிருந்த பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு தலைகீழாக உள்ளே போய்விட்டார். அடியில் இருந்த சிறு காற்று இடைவெளியில் 40 நிமிடம் மூச்சுவிட்டார். பிறகு அசைவில்லை. வெளியே எடுத்தபோது 80 நிமிடம் ஆகியிருந்தது.

நண்பர்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். ஹெலிகாப்டரிலும் அது நிற்கவில்லை. டிரோம்சோ பல்கலைக்கழக மருத்துவமனையில் பார்த்தபோது உடல் வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸ். நமக்கு இயல்பு 37.

இதயம் நின்று, இப்படிக் குளிர்ந்து வந்தவர்கள் அதற்கு முன் அங்கே பிழைத்ததில்லை. ஆனாலும் மயக்கவியல் மருத்துவர் மட்ஸ் கில்பர்ட்டும் குழுவினரும் ஒரு விதியை விடவில்லை: சூடேற்றிப் பார்க்காமல் இறப்பை உறுதி செய்யக்கூடாது. போர்வையும் வெந்நீரும் இங்கே போதாது. இதய அறுவைக்கு வைத்திருக்கும் இதய நுரையீரல் இயந்திரத்தில் இணைத்தார்கள். அது ரத்தத்தை வெளியே எடுத்து, சூடாக்கி, ஆக்சிஜன் ஏற்றி, மீண்டும் உடலுக்குள் அனுப்பும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து இதயம் தானாகத் துடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் முறை வைத்து ஒன்பது மணி நேரம் போராடினார்கள்.

மூளை எப்படித் தப்பியது? இதயம் நிற்கும் முன்பே அது குளிர்ந்துவிட்டது. குளிர்ந்த மூளைக்கு மிகக் கொஞ்சம் ஆக்சிஜன் போதும். கொல்ல வந்த குளிரே காவலும் இருந்தது.

கண் விழித்தபோது கழுத்துக்குக் கீழே அசைவில்லை. மாதக்கணக்கில் தேறினார். பின்னர் அதே மருத்துவமனையில் கதிரியக்க மருத்துவராகவே வேலை பார்த்தார்.

"இவன் தேறமாட்டான்" என்று ஐந்தாம் வகுப்பிலேயே நான் முடிவு கட்டிய பிள்ளைகள் சிலர் இதைப் படிப்பீர்கள். இன்று நன்றாக இருக்கிறீர்கள். அன்று அவசரப்பட்டுவிட்டேன், மன்னியுங்கள். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் அந்த அவசரம் படாதீர்கள்.